கை தடித்த பிள்ளைகள்

இராசிபுரம்
12-2-1938

சாரதாமணிக்கு, உன்னைப் பெற்ற அத்தாயி எழுதுவது.

அருணகிரி கணக்கில் வகுப்பிலேயே முதல். இன்ஸ்பெக்டர் துரை கேட்டதற்கு எழுந்து நின்று பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான். சௌந்திரம் பாட்டுப் பாடி வெள்ளிக் குங்குமச் சிமிழ் வாங்கினாள். ஐந்தாவதோடு நின்ற நான் வளர்த்த பேரப்பிள்ளைகள். நீயா வளர்த்தாய்?

நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, திருடியைப் போல இரண்டு பேரையும் வண்டியேற்றிக் கொண்டு போயிருக்கிறாய். பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் கேட்கிறாள், "ஏனுங்கக்கா, மவ சொல்லாம கொள்ளாம கூட்டிட்டுப் போயிட்டாளாமா?" என்று.

பள்ளிக்கு வந்த டாக்டர், க்ஷயரோகக் கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி குத்தினார். மூன்றாம் நாள் இருவருக்கும் தடித்தது. அது உன் மாமியார் மாரக்காள் குடும்பத்துச் சீர். அவளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கச் சொல். திங்கட்கிழமை பிள்ளைகள் இங்கே இருக்க வேண்டும்.

அத்தாயி

குமாரபாளையம்
20-2-1938

அம்மாவுக்கு,

எனக்கும் கோபம் இருக்கிறது. அத்தையின் சளியைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. எங்களோடு இருக்கும் சின்னவன் தங்கசாமிக்கும் அதே ஊசி போட்டார்கள், கை தடிக்கவில்லை. உங்கள் கம்பளிக்குள் இரண்டு பக்கமும் படுத்தவர்களுக்குத்தான் தடித்திருக்கிறது.

தடிப்பு நோயல்லவாம். கிருமி உள்ளே வந்ததை உடம்பு தெரிந்துகொண்டு எதிர்த்து நிற்கிற அடையாளமாம். வீட்டில் இருமுகிறவர் யார் என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. மூன்று வருஷமாக உங்கள் இருமலைப் பற்றிக் கேட்டால் "பஞ்சுத் தூசி" என்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதுவரை பிள்ளைகள் வரமாட்டார்கள்.

சாரதாமணி

இராசிபுரம்
9-3-1938

சாரதாமணிக்கு,

நீ சொன்னது பொய் என்று காட்டத்தான் சேலம் போனேன். என் சளியில் அந்தக் கிருமி இருக்கிறது.

"எத்தனை நாளா இருமறீங்க?" என்றார் டாக்டர். "நூல் சுத்தறவ இருமாம பாட்டா பாடுவா?" என்று அவரோடும் சண்டை.

உன்மேல் கோபம் இன்னும் அதிகம். சந்தேகம் இருந்ததல்லவா? முதல் வருஷமே என்னை அதட்டியிருக்க வேண்டாமா? அம்மா மனசு நோகுமென்று பிள்ளைகளை என்னிடம் விட்டுவைத்தாயே! டாக்டர் மறுபடி கேட்டால், எங்கம்மாதான் என்று சொல். இருவருக்கும் காய்ச்சல் உண்டா, உடம்பு தேறுகிறதா என்று வாராவாரம் எழுது.

அம்மாயி வீட்டுக்குப் போகணும் என்று அழுதால் அழட்டும். மனசு இளகிக் கூட்டி வந்தாயோ, கதவைத் திறக்க மாட்டேன். மூன்று பேரையும் நிறுத்திப் புதுப் படம் ஒன்று பிடித்துத் தபாலில் போடு. அதன் பக்கத்தில் நான் எவ்வளவு இருமினாலும் ஒன்றும் ஆகாது.

அத்தாயி