புத்தூர் அவசரம்

புத்தூர்,
16.6.1998

அன்பு மகன் மோகன்ராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, சௌக்கியமாக இருக்கிறோம். கோலாலம்பூரில் நீயும் உன் பாட்டுக்கு மெட்டுப் போடும் கோவர்த்தனனும் சௌக்கியமா? நீங்கள் போட்ட கேசட் இங்கே வந்துவிட்டது, வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை. நைனா திருப்பதிக்குப் போனபோது ஒரு கடையில் அதைச் சாமி பாட்டு வரிசையில் வைத்திருந்தார்களாம். "நீ எனக்கு அவசரம்" என்று மேலே போட்டிருக்கிறதே, தெலுங்கில் அவசரம் என்றால் தேவைதானே, பையன் ஏழுமலையானைப் பார்த்து உருகுகிறான் என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். மலைக்குப் போகிறவர்கள் சிலர் பக்தியோடு வாங்கிப் போயிருக்கிறார்கள், இரண்டாவது பாட்டில் கோவர்த்தனன் போடும் கூச்சலைக் கேட்டு என்ன ஆனார்களோ. நம் வீட்டிலும் எண்ணெய் அவசரம், உப்பு அவசரம் என்றுதானே பேசுகிறோம், அது பாட்டில் ஏறும் என்று யார் கண்டது. இப்போது கேபிள்காரன் விளம்பரத்துக்கு நடுவே அதையே போடுகிறான். தெருவில் தெலுங்குக்காரர்கள் கண் கலங்குகிறார்கள், தமிழ்க்காரர்கள் உங்கள் பையனுக்கு எந்த பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கேட்கிறார்கள்.

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. அரக்கோணத்தில் உனக்குப் பெண் கொடுக்க இருக்கும் சின்னப்பன் காதிலும் விழுந்துவிட்டது. அவருக்குத் தெலுங்கு வாசனையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் காவ்யாவையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கி, காபியைக்கூடத் தொடாமல், "எம் பொண்ணு இங்க காத்துக்கினு கீறா, உம் புள்ள அங்க எவளப் பாத்தும்மா இப்டி அவசரப்படறான்? இந்தச் சம்பந்தமே வாணாம்" என்றார். நைனா சும்மா இருந்திருக்கலாம். "அதில்லீங்க, பையனுக்குப் பொண்ணு அவசரம், அவ்ளோதான்" என்று விளக்கம் சொன்னார். சின்னப்பன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் நீ முன்பு எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. நீ முதலில் தேவை என்றுதான் எழுதினாய், கோவர்த்தனன் தனதனம் என்று மெட்டைப் பாடிக்காட்டி, அதற்குள் உட்காரும் சொல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான் இல்லையா, அதைச் சொல்லி, இந்த வயதில் கூடத்தில் நின்று இரண்டையும் பாடியே காட்டினேன். தேவை என்று இழுத்தபோது கன்றுக்குட்டி கத்துவது போல இருந்தது. சின்னப்பன் சிரித்துவிட்டார், காபியும் குடித்தார்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அப்பா குடித்து வைத்த டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு காவ்யா, "அர்த்தம் புரிஞ்சிட்ச்சி அத்தே. பாட்டு தெருத்தெருவா வந்துகினு கீது, எழுதுனவரு தான் வர்லியே" என்றாள். ரெக்கார்டிங் ரெக்கார்டிங் என்று நீ கல்யாணத் தேதியை மாற்றிக்கொண்டே போகிறாய், ஆவணி வரைக்கும் பார்ப்பாளாம், அதற்கு மேல் அப்பா காட்டும் வேறு இடத்துக்குத் தலையாட்டிவிடுவாளாம். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்காக ஊரெல்லாம் சமாதானம் சொல்லிப் பழகிய வாய் இது, அவளிடம் மட்டும் நீ கேட்பது நியாயம்தான் என்று சொல்லிவிட்டது. எனக்கும் உன்னைப் பார்க்காமல் முடியவில்லையப்பா, நான் கேட்கக் கூச்சப்பட்டதை அவள் கேட்டுவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரியில் பரோட்டா துன்னாதே என்று நைனா சொல்லச் சொன்னார். கோவர்த்தனனையும் கல்யாணத்துக்குக் கூட்டி வா, மேளக்காரர்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்க மாட்டான் என்றால். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, நல்ல பெயரோடு இருக்க வேண்டும். எனக்குப் பதில் போட வேண்டாம். டிக்கெட் எடுத்து, வரும் தேதியை அரக்கோணத்துக்கு எழுது, மெட்டுக்குக் காத்திருக்காதே.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
வரலட்சுமி