பனிக்கடலில் தீர்த்தப் போத்தல்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆர்க்டிக் கடலில் நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? அங்கே நோபல் பார்க் வீட்டிலும் இப்போது சரியான குளிராக இருக்குமே.

கப்பலில் பனி உருகுவதை ஆராயும் விஞ்ஞானிகளுக்கும், அதை வரைய வந்த எங்களுக்கும் ஒரே குளிர்சாதனப் பெட்டிதான். நீங்கள் தந்த தீர்த்தப் போத்தலை அதில் வைத்துவிட்டேன். கடல் தண்ணீர் என்று சோதித்தவர்கள், உப்பே இல்லையென்று பதறிப்போனார்கள். பிறகு ஒரே சிரிப்பு.

நேற்று ஒரு பனிக்கட்டி கப்பலில் லேசாக உரசியது. உயிர்காப்பு அங்கியோடு மேல்தட்டில் நின்றோம். மிச்சத் தீர்த்தத்தை எல்லோரும் நெற்றியில் பூசினார்கள், அந்த விஞ்ஞானிகளும்தான். இப்போது பயமில்லை.

அம்மா, "ஆரோ ஏமாத்துக்காரர்" என்று தெரியாத நம்பரை வெட்டாதீர்கள். கப்பல் போன் அப்படித்தான் காட்டும். நேற்று விடாமல் அடித்தது நான்தான்.

ஜெனோஜா