ரேடியோ சித்தப்பா எழுந்து நின்ற நாள்

என் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஒரே வேண்டுதல். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் சொன்னால் கேட்கிறாளா, ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் துடைக்கிறாள். கல்யாண விஷயமாக நீ எழுதி மூன்று மாதம் ஆகிறது, நான் பதில் போடவில்லை. கோபம்தான், உன்னிடம் என்ன மறைப்பு. உலகத்தில் எத்தனையோ பையன்கள் இருக்க, நாங்கள் யாரோடு சண்டை போட்டோமோ அந்த நாட்டுப் பையன், அதிலும் அவன் அப்பா நாங்கள் இருந்த குன்றுக்கு எதிர்ப்பக்கம் பீரங்கிப் படையில் இருந்தவர் என்று எழுதியிருந்தாய். என்னோடு படையில் நின்ற ரேடியோ சித்தப்பாவின் காதைப் பறித்த குண்டை அந்த ஆளே போட்டிருக்கலாம் என்று தோன்றியது, பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது எழுத வைப்பதும் சித்தப்பாதான். மனதைத் திடப்படுத்திக்கொள் கண்ணு. உன் ரேடியோ சித்தப்பா போய்விட்டான். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சிமெண்ட் கிடங்கு வாசலில் காவலுக்கு நின்றவன், குனிந்து நோட்டில் வண்டி நம்பர் எழுதிக்கொண்டிருந்தானாம், பின்னால் இன்னொரு லாரி ரிவர்ஸில் வந்திருக்கிறது. ஹாரன் அடித்திருக்கிறார்கள், கிளீனர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். அவனுக்கு எங்கே கேட்கும். அடக்கத்துக்குக் கிடங்கு ஆட்கள் ஆறு பேர், நான், அம்மா, அவ்வளவுதான். படை வீரர் சங்கத்தில் போர்த்த ஒரு கொடி கேட்டுப் போனேன், ஸ்டாக் இல்லை என்றார்கள். அந்தக் கிடங்கில் அவன் படையில் இருந்தவன் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அம்மாவிடம்கூட முழுசாகச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுடைய காது மிஷின் பழுதாகி, புதிது வேண்டுமானால் பரிசோதனைக்கு வா என்று படை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள், துணைக்கு நான் போனேன். இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கவாம், டாக்டர் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று திடீரென்று "அட்டென்ஷன்" என்று ஒரு அதட்டல் போட்டார். எனக்குக் காது நன்றாகக் கேட்குமே, பழக்க தோஷம், விறைப்பாக எழுந்து நின்றுவிட்டேன். நான் எழுந்ததைப் பார்த்து, யாரோ பெரிய அதிகாரி வந்திருக்கிறார் என்று அவனும் எழுந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். காது கேட்கிறது, மிஷின் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சார், என்னைப் பார்த்துத்தான் எழுந்தான் என்று கெஞ்சினேன். "ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிக்கிறீங்க பெரியவரே, கிளம்புங்க" என்றார். அதற்குப் பிறகு மனு எடுத்துக்கொண்டு ஐந்து தடவை அலைந்தோம். கடைசித் தடவை கிளார்க் பைலைப் புரட்டிவிட்டு, "நீங்க சொல்ற மாதிரி போர் எதுவும் ரெக்கார்டுல இல்லையே, எல்லைச் சம்பவம்னுதான் போட்டிருக்கு" என்றான். நாற்பத்தொரு பேரைப் புதைத்துவிட்டு வந்தோம் பாப்பா, முப்பத்தேழு நாள் ஒரு மொட்டைக் குன்றுக்காக. அப்புறம் ஒப்பந்தம் போட்டு அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீயும் அந்தப் பையனும் அங்கே ரோப் காரில் போன படத்தை அனுப்பியிருந்தாய், நன்றாக இருந்தது, பார்க்க முடியாமல் கவிழ்த்து வைத்தேன்.

போன மாதம் உன் கடிதத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவன் பேசினால்தான் தெருவுக்கே கேட்குமே, ரேடியோ என்று சும்மாவா பேர். "பீரங்கிக்காரனுக்கு மொதல்ல போறதே காதுதான்டா. அந்த ஆளும் இப்ப எந்த வாசல்ல நின்னு கேட் தொறந்து விடுறானோ, பாவம். புள்ளைங்க கல்யாணத்துக்கு நடுவுல அந்தக் குன்ற ஏன்டா கொண்டாந்து வைக்கிற" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கென்ன, பெண்ணா பிள்ளையா என்று சொல்லிவிட்டேன். காது கேட்காது என்கிற தைரியம். அவன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மறந்துபோச்சு. டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் அவன் முகத்தில் விழிக்கவில்லை. இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன் பாவி.

கல்யாணம் செய்துகொள் கண்ணு. அப்பா மனதாரத்தான் சொல்கிறேன். தேதி குறித்துச் சொன்னால் நானும் அம்மாவும் எப்படியாவது வந்து சேருகிறோம். வேளைக்குச் சாப்பிடு, பனியில் தலையை மூடிக்கொள், அம்மாவுக்கு வாரம் ஒரு தடவையாவது போன் செய். இரண்டு பேரும் நீடூழி நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் அப்பாவுக்காகச் செய். அந்தப் பையனின் அப்பாவைப் பார்க்கப் போகும்போது எதிரே உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி, நிதானமாகப் பேசு. அங்கேயாவது அவரை யாராவது வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்களா என்று விசாரித்து எழுது. யாரும் கேட்கவில்லை என்றால், நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா