நீங்கள் கீழே போடாத கத்தி

ஏனுங்க, இன்று காலை உங்கள் தீட்டுக்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். ஈரம் பட்டதும் அதில் ஒரு மண் வாசனை கிளம்பும், உங்களுக்குத் தெரியும். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த வாசனை அப்படியே இருக்கிறது.

எடுக்க வைத்தது நம் பையன்தான். போன வாரம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தான். "ஞாயித்துக்கிழமை வாரேம்மா. அப்பாவோட சவரக்கத்தியத் தீட்டறதுக்குச் சொல்லிக் குடுங்க. இனி நான் அதுலதான் ஷேவிங் பண்ணப் போறேன்." சரி கண்ணு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கத்தியைத் திறந்தால் கூர் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருப்பதைப் பார்ப்பான். எப்படி ஆச்சு என்று கேட்பான்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கை மடியிலேயே கிடக்க ஆரம்பித்ததும் வண்டிச் சாவியை வாங்கி வைத்தோம். தறிகளை விற்றோம். எதற்கும் நீங்கள் வாய் திறக்கவில்லை. பையன் கரண்டில் ஓடுகிற ஷேவர் வாங்கி வந்த அன்றுதான் கத்தினீர்கள். "எல்லாத்தையும் புடுங்கிப்போட்டீங்க. மூஞ்சி வழிக்கறதையாவது எனக்கு உடுங்க." விட்டோம், சரி. கத்தியை யார் பிடிப்பது? அத்தனை வருஷம் காய் நறுக்கின என் தலையில் வந்து விடிந்தது.

முதல் நாள் அரிவாள்மனையைத் தீட்டுகிற பழக்கத்தில் கத்தியைச் சாய்த்துப் பிடித்து அழுத்தித் தேய்த்தேன். நீங்கள் நாற்காலியில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டீர்கள். "அம்மணி, அது கத்திரிக்கா அறுக்கறது இல்ல. முதுகும் கூரும் ரெண்டுமே கல்லுல படுக்கோணும். அழுத்தாத, அதோட கனமே போதும். திருப்பறப்ப முதுகு மேல திருப்பு." கல்லில் முடித்து, கடைசியாகப் பதமேற்றத் தோல்வாரில் இழுக்கும்போது கூர் பின்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் தோலே அறுந்துவிடும். அதையும் ஒரு தடவை அறுத்துத்தான் கற்றுக்கொண்டேன். "மழுங்கின கத்திக்குத்தான் பயப்படோணும். அதுதான் இழுத்து அறுக்கும்" என்பீர்கள். உங்களுக்கென்ன, சொல்லிவிட்டீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தின்கிற மனுஷனுக்குச் சின்னக் கீறல்கூட ஆகக் கூடாது என்று டாக்டர் என்னிடம் அல்லவா சொல்லியிருந்தார்? கல்லின் மேல் கத்தியை வைத்தாலே என் கை நடுங்கும். உங்கள் கழுத்துக்குக் கொண்டுவரும்போது இன்னும் நடுங்கும். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வீர்கள்.

அப்படியும் ஒரு சனிக்கிழமை தாடைக்குக் கீழே பட்டுவிட்டது. துண்டு நனைந்து இன்னொரு துண்டும் நனைந்தது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வரவில்லை. நீங்களோ, "ஒண்ணுமில்ல, அமுக்கிப் புடி. பையங்கிட்டச் சொல்லிப்போடாத" என்றீர்கள். ரத்தம் நிற்பதற்குள் என் உயிர் போய் வந்தது. மறுநாள் பூசைக்குக் கிளம்பும்போது, அடுத்த வாரம் இன்னும் நல்லாத் தீட்டு என்று சொல்கிறீர்கள்.

முடியாதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் இல்லை. திங்கட்கிழமை நீங்கள் மதியம் கண் அசந்தபோது, துவைக்கிற கல்லில் கத்தியின் கூர் ஓரத்தை இரண்டு தடவை ஓங்கி அடித்தேன். சனிக்கிழமை, "தானாப் பேந்துபோச்சுங்க, பழைய இரும்புதானுங்களே" என்று நீட்டினேன். இடது கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தீர்கள். மடித்துக் கொடுத்தீர்கள். "செரி அம்மணி, அந்த மிசினையே கொண்டா." அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்று பையன் வந்து கத்தியைத் திறந்தான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். நான் வாயெடுப்பதற்குள் அவனே அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "அப்பா கீழ போட்டது இதுதானாம்மா?" என்றான்.

"யாரு சொன்னா?"

"அப்பாதான், கடைசியா ஆஸ்பத்திரில இருக்கறப்ப. எடது கையில எடுத்துப் பாக்கறேன்னு கல்லு மேல போட்டுப்போட்டேன், உங்கம்மாகிட்ட இதப் பத்திக் கேக்காதன்னாரு."

இல்லை கண்ணு என்று ஆரம்பித்தேன். முடிக்காமலே கல்லைத் துடைத்து அவன் முன்னால் வைத்தேன். மதியம் வரை தேய்த்தான், சில்லு பாதிகூடப் போகவில்லை. மீதியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போனான்.

நான் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அத்தனை சனிக்கிழமையும் நடுங்கின கை, அந்தத் திங்கட்கிழமை துவைக்கிற கல்லில் கத்தியை அடித்தபோது நடுங்கவே இல்லைங்க. உங்களிடம் மிச்சமிருந்த ஒன்றைப் பிடுங்குவது எனக்கு அத்தனை லேசாக இருந்தது. இப்போது நான் பயப்படுவது அந்தக் கைக்குத்தான்.