ஏழடி ஆளுக்குப் பதிலா நான்

11 பெப்., வியாழன்

மைனஸ் பதினாறு. பஸ்ஸுக்கு நிண்டதில கண்ணிமை ஒட்டிப்போச்சு.

அரங்கில ட்ரெயினிங். மூண்டு வருசமா இஞ்ச சீற் காட்டுற வேலை, இப்பிடி ஒரு பரபரப்புக் காணேல்லை. கூடைப்பந்தின்ர பெரிய தலையள் எல்லாம் இந்தச் சனி, ஞாயிறு எங்கட ஊரில. ஓல்-ஸ்ரார் திருவிழா.

செய்ய: கறுப்புச் சப்பாத்துத் துடைக்க. உள்ளுக்குப் போட ரெண்டு தேர்மல். பால்.

ஞாயிறு பகல், வீரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுற ஒத்திகை பாக்க, ஊழியர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாஸ். வீட்டு ஆக்களில ஒராளுக்குக் குடுக்கலாம். பஸ்ஸில மூண்டு தரம் பையைத் தொட்டுப் பாத்தன்.

வீட்ட என்ர மனுசன் கார்த்திக் தோசை ஊத்திக்கொண்டே சொன்னார்: "எனக்கு எதுக்கு வாசு? கிரிக்கெட்னாலாவது பரவால்ல. உங்க அண்ணனுக்குக் குடு."

தோசை கருகிச்சு.

12, வெள்ளி

அண்ணா இருக்கிறது ரூஜில. எங்கட அஜின்கோர்ட்டில இருந்து காரில இருவது நிமிசம்தான். நாலு வருசமாக் கதையில்லை. அவர் பேசி வைச்ச மாப்பிள்ளையை வேண்டாம் எண்டிட்டுச் சென்னைக்காரரைக் கட்டினன். கலியாணத்துக்கு வரேல்லை.

கூடைப்பந்தெண்டால் அண்ணாவுக்குப் பைத்தியம். கனடா வந்த புதுசில மட்ச் பாத்துத்தான் இங்கிலிஷ் பழகினவர். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் சொற்களில ஒண்டு, 'ரீபவுண்ட்': வளையத்தில பட்டுத் திரும்பி வாற பந்து.

பிரேக்கில அண்ணா வீட்டுக்குப் போன் எடுத்தன். அண்ணிதான்.

"வாசுகியோ? ஐயோ, பிள்ளை!"

பின்னால அண்ணான்ர குரல்: "ஆரது?"

விசயத்தைச் சொன்னன். அண்ணி போனைப் பொத்தினா. பிறகு, "ரிவியை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறார்."

பாஸை அரங்கு வாசலில அவற்ற பேரில விடுறன் எண்டன்.

13, சனி

மைனஸ் இருவத்தாறு. ஏரி புகைஞ்சுகொண்டு கிடக்கு. கரையில உள்ள கட்டடமெல்லாம் அடியில்லாமல் மிதக்குது. நான் வேலைக்குப் போறனோ, இல்லாட்டி நித்திரையில நடக்கிறனோ தெரியேல்லை.

பின்னேரம், பாய்ஞ்சு வளையத்துக்க பந்தைப் போடுற போட்டி. ஒருத்தன் எழும்பினான், இறங்க மறந்துபோனான். அரங்கு முழுக்க மூச்சை இழுத்த சத்தம் இப்பவும் காதுக்குள்ள.

அண்ணாட்ட இருந்து போன் இல்லை.

14, ஞாயிறு

ஆறுதலா எழுதோணும்.

ஒத்திகைக்கு வீரர்கள் வரமாட்டினம். அவைக்குப் பதிலாச் சும்மா ஆக்கள் நடக்கிறது. குளிருக்குப் பாதிப்பேர் வரேல்லை. காதில மைக் மாட்டின பிள்ளை ஒண்டு என்னைப் பிடிச்சு, "நீங்கள் நடப்பீங்களா?" எண்டு இங்கிலிஷில கேட்டுது. கழுத்தில ஒரு பேர் மட்டையைத் தொங்கவிட்டுது. மேற்கு அணியின்ர ஆக உயரமான ஆளின்ர பேர். அவர் ஏழடி. நான் ஐஞ்சடி ஒண்டு.

லைற் எல்லாம் நூந்துது. புகை. அவற்ற பேர் மேல இருந்து இடிமாதிரி விழுந்துது. நடந்தன். தரைப் பலகை தேன் நிறம். கால் அதில படுறமாதிரியே இல்லை. கையை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் வெறுங்கதிரையளைப் பாத்து ஆட்டினன்.

ஒரு கைதட்டல். ஒரேயொரு ஆள். கீழ்வரிசையில, பெரிய கோட்டோட, எழும்பி நிண்டு. அடுத்த பேரும் வாசிச்சாச்சு. அவர் நிப்பாட்டேல்லை.

அண்ணா.

பிறகு நடைபாதையில கண்டன். தலை நரைச்சுப்போச்சு.

"உன்ர மனுசன் வரேல்லையோ?"

"அவர்தான் பாஸை உங்களுக்குக் குடுக்கச் சொன்னவர்."

நிலத்தைப் பாத்தார். "கலியாணத்தண்டு நான் வந்தனான், வாசுகி. பார்க்கிங் வரைக்கும். கோட் சூட்டோட ரெண்டு மணித்தியாலம் காருக்க இருந்தனான். நாதஸ்வரம் கேட்டது. இறங்கத்தான் ஏலேல்லை."

அவற்ற கையைப் பிடிச்சன். சூடா இருந்தது, தட்டின கை.

"நாளைக்கு வீட்ட வாங்கோ," எண்டன். "ம்" எண்டார்.

பின்னேரம் உண்மையான ஏழடி ஆள் அதே புகைக்குள்ளால வந்தார். சனம் கத்தின கத்து! அந்த இடத்தில முதல் நடந்தது ஆரெண்டு எனக்குத் தெரியும், அண்ணாவுக்குத் தெரியும்.

15, திங்கள்

லீவு நாள். பத்து மணிக்குப் பெல். அண்ணி ஒரு சட்டி மீன்குழம்போட, பின்னால அண்ணா. கார்த்திக் சைவம். சொல்ல மறந்துபோனன்!

எல்லாரும் சோபா நுனியில. தேத்தண்ணி. குளிரைப்பற்றிக் கதைச்சு முடிச்சாச்சு.

அப்ப கா. கேட்டார்: "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பந்தைக் கையில வச்சுக்கிட்டு அவங்க ஏன் நடக்கக் கூடாது?"

அண்ணா அவரை வடிவாப் பாத்தார்.

"எழும்பும் ஐசே."

சுருட்டின சொக்ஸ்தான் பந்து. உடுப்புக்கூடைதான் வளையம். அண்ணா கா.வின்ர மணிக்கட்டைப் பிடிச்சு, இப்பிடி, இப்பிடி மடிக்கோணும் எண்டு காட்டுறார். இவர் எறியிறதெல்லாம் ஜன்னலில படுது. நான் மற்ற அறைக்குள்ள நிண்டு இதை எழுதுறன், முகத்தைத் துடைச்சுக்கொண்டு.

அண்ணி கூப்பிடுறா. கா.வுக்குப் பருப்பு வைக்கோணும்.