வால்யூம் அதேதான்

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். மேகமலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கடை லீவு. வாங்க வேண்டியது: ஃபேன் கண்டென்சர் ஒரு டஜன், கேசிங் பைப், மனைவி செல்விக்கு முழங்கால் தைலம்.

மத்தியானம் சாமுவேல் வந்தான். பக்கத்து ஸ்டேஷனரிக் கடை, இருபது வருசப் பழக்கம், சர்ச்சில் கொயர் நடத்துகிறவன். கூடவே என் மச்சினன்கள் ரெண்டு பேர். கம்ப்யூட்டர் பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் புது டிஏசி பெட்டியில் டிஎஸ்டி ஃபைல் பாட்டு, ஒரு வெளிநாட்டு சர்ச் கோரஸ். எனது வழக்கமான பிரசங்கமும்: டிஎஸ்டி என்றால் ஒற்றை பிட், வேறெதாகவும் மாற்றாமல் அப்படியே பெட்டிக்குப் போகிறது, ரெக்கார்டிங் பண்ணின இடத்திலேயே உட்கார்ந்த மாதிரி. ஜன்னல் சாத்தி, லைட் அணைத்து. பெட்டியின் டிஸ்ப்ளே வெளிச்சம் உறுத்துகிறது என்று வாங்கிய அன்றே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியாச்சு.

சாமு: "பொம்பளைக உச்சத்துல ஏறுறப்ப கரகரங்குது மாப்ள. ஒடையுது."

நான்: "ஒன் காதுதான் ஒடையுது. ஒங்கப்பா மாதிரி ஆயிறப் போற. போயி டாக்டரப் பாரு."

மச்சினன்கள் சிரித்தார்கள். சாமுவும் சிரித்தான். அவன் அப்பாவுக்கு ஐம்பது வயதில் காது சுத்தமாகப் போனது. இவனுக்கு இப்போது நாற்பத்தொன்பது. சொல்லியிருக்க வேண்டாமோ.

ஜூலை 8, செவ்வாய்

காத்து பலம். கடை போர்டு ஆடுகிறது, கம்பி போட்டுக் கட்ட வேண்டும்.

சாப்பிட வந்தபோது செல்வி: "சாமுவேல் அண்ணன் கொயர விட்டுட்டாகளாம். காது சரியில்லன்னு பாஸ்டர்ட்ட சொல்லிட்டாகன்னு எஸ்தர் வருத்தப்பட்டா. டாக்டர்ட்டயும் போக மாட்டேங்காகளாம். பயமாம்." எஸ்தர் அவன் மனைவி.

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் அதே கோரஸை ஹெட்போனில் கேட்டேன். கரகரப்பு இருக்கிறது. பெண்கள் ஏறும் இடம், மூன்று தடவையும். டேப்பை உரித்தேன். டிஎஸ்டி என்று காட்ட வேண்டிய இடத்தில் பிசிஎம் 176, சாதாரண டிஜிட்டல்.

அதாவது நாலு மாதமாக, கம்ப்யூட்டரில் பாட்டை ஓட்டும் சாஃப்ட்வேர் அந்த ஒற்றை பிட்டை பிசிஎம்மாக மாற்றித்தான் அனுப்பியிருக்கிறது. மாற்றும்போது சத்தத்தை ஆறு டெசிபல் ஏற்றியும் விட்டிருக்கிறது. உச்சத்தில் இடம் போதாமல் குரல் வெட்டுப்படுகிறது. அவன் காது சரி. என் செட்தான் தப்பு. அன்றைக்கு எனக்கு அது கேட்கக்கூட இல்லை, கொயர்க்காரனுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

ரெண்டே செட்டிங். மாற்ற ஒரு நிமிடம் ஆகவில்லை. இப்போது டிஎஸ்டி என்றே காட்டுகிறது, கரகரப்பு இல்லை.

வெட்கமாக இருக்கிறது. அவன் கடை பத்தடி தூரம். சாயங்காலம் ரெண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பினேன்.

ஜூலை 10, வியாழன்

யோசனை: கூப்பிட்டு அதே பாட்டைப் போடுவது. கரகரப்பு இருக்காது. காது சரியாகிவிட்டது என்று அவனே நினைத்துக்கொள்வான், கொயருக்குத் திரும்பிப் போவான். நான் வாயைத் திறக்க வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கண்ணை மூடிக் கேட்டான். பாட்டு முடிந்தும் திறக்கவில்லை.

"கரகரப்பு இருக்கா?"

"இல்ல. ஆனா அன்னைக்கி இருந்த காரம் இல்ல மாப்ள. மழுங்கலா இருக்கு. சத்தமே கம்மியாத் தெரியுது. வால்யூம் கொறச்சிருக்கியா?"

"இல்லப்பா. அதேதான்."

குமிழை நான் தொடவில்லை. செட்டிங் மாற்றியதில் அந்த ஆறு டெசிபல் குறைந்துபோனதைச் சொல்லவில்லை.

"அப்ப நீ சொன்னது சரிதான்" என்றான். "பொம்பளைக குரல்தான் மொதல்ல மங்குச்சுன்னு அப்பா சொல்வாக."

செல்வி காபி கொண்டுவந்தாள். "அங்கன வையி தங்கச்சி" என்றான். குடிக்காமல் போய்விட்டான்.

நான் இவ்வளவு கேவலமானவன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 11, வெள்ளி

சாரல் விட்டிருக்கிறது. கோம்பை பார்ட்டிக்கு ஒயர் பஸ்ஸில் அனுப்பியாச்சு.

நாலு மணி, அவன் கடையில் ஆள் இல்லாத நேரம். போய்ச் சொல்லிவிட்டேன். டேப், 176, செட்டிங், எல்லாம். பிசிஎம் என்றால் என்ன என்றுகூட அவன் கேட்கவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"வால்யூம் கொறச்சியான்னு நான் கேட்டது என்னைக்கி?"

"வியாழக்கெழம."

நோட்டுக் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

"நேத்து வீட்டுக்குப் போயி எஸ்தர் மடில படுத்து அழுதேன். பிள்ளைக பாத்துருச்சுக. எங்கிட்ட சொல்லிட்ட, சரி. அவட்டயும் போயி நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அவன் வீடு நடந்தால் பத்து நிமிடம். இப்போது மணி ஆறாகப் போகிறது. கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எழவில்லை.