சொல்லிக் கொடுத்தவள்

செப்டம்பர் 3, திங்கள்

வைக்கோல் சுற்றறிக்கை வந்துவிட்டது. வகுப்புக்கு ஒரு கட்டு. நவம்பர் பத்தாம் தேதி சதுக்கத்தில் டீச்சரம்மா பொம்மையை நிறுத்தி, பாவாடை கட்டி, வலது கையில் முழ நீள மூங்கில் விரல் செருகி, பிள்ளைகளை விட்டுக் கல்லெறியச் செய்து கொளுத்துவார்கள். பதினோரு பேரைக் காட்டிக் கொடுத்த விரலாம். பதினெட்டு வருடமாக என் வகுப்பும் கட்டு அனுப்புகிறது. அனுப்பியது நான்தான்.

இந்த வருடம் கூடுதலாகப் பித்தளைப் பலகை. அண்ணன் அமாந்தோ, எனக்குக் 'குயா', ஊர்க் கவுன்சிலர். மே மாதம் மேயர் தேர்தலில் நிற்கிறார். பலகைக் குழுவுக்கு அவரே தலைவர். "வீட்டுலயே சரித்திர டீச்சர் இருக்கும்போது வெளிய எதுக்குப் போகணும்?" என்று என்னை உறுப்பினராகப் போட்டுவிட்டார். வேலை ஒன்றுதான்: பலகையில் வரப்போகும் வாசகத்தை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரி என்று கையெழுத்துப் போடுவது.

'ஆசிரியை யூலாலியா மக்திபாயால் காட்டிக் கொடுக்கப்பட்டு, 1896-இல் சான் ருஃபோ பாலத்தருகே சுட்டுக் கொல்லப்பட்ட பதினோரு வீரர்கள்.' பித்தளையில் ஏறிவிட்டால் இன்னும் நூறு வருடத்துக்கு அசையாது.

செப்டம்பர் 4, செவ்வாய்

மூலம் என்று குழு தந்தது ஒரே ஒரு புகைப்பட நகல். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் பிடிபட்ட பன்னிரண்டு பேரில் உயிரோடு திரும்பியவர் ஒருவர்தான், எங்கள் கொள்ளுத் தாத்தா கசிமிரோ லாண்டிச்சோ. அவருடைய வாக்குமூலம். எழுத்தர் எல்லாவற்றையும் ஸ்பானிய மொழியில் எழுதிவிட்டு, பதிலை மட்டும் கேட்டது கேட்டபடி எங்கள் தகாலோகில் எழுதியிருக்கிறார்: யூலாலியா டீச்சர்தான் 'நக்துரோ'.

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை தடவை பார்த்த வரி! காட்டிக் கொடுத்தார் என்றும் படிக்கலாம். பாடம் கற்பித்தார் என்றும் படிக்கலாம். எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். 'சொல்லிக் கொடுத்தார்' என்றால் எதை, யாருக்கு என்று கேட்க வேண்டாமா? ஒரு ஊரே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பில் பெயரை மறைத்து, வரியைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். பாதிப் பேர் ஒன்று, பாதிப் பேர் மற்றொன்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மேம், மொதல்ல என்ன கேள்வி கேட்டாங்கன்னு சொல்லுங்க. அது தெரியாம எப்படி?" என்றான். அவன் கணக்கில் முட்டை வாங்குகிறவன்.

நகலின் மேல் மூலையில் '2' என்று எண் இருக்கிறது. அப்படியானால் முதல் தாள் எங்கே?

செப்டம்பர் 12, புதன்

அண்ணன் வீட்டில் சாப்பாடு. மாட்டெலும்பு சூப் ஆறிப் போகும்வரை சண்டை.

"ரெமி, நூத்தி இருபது வருஷமா ஊரே சொல்லுது."

"ஊரே ஒரே ஆள் சொன்னதத் திருப்பிச் சொல்லுது குயா. அது நூறு சாட்சி இல்ல. ஒரு சாட்சி, நூறு வாய்."

"அந்த ஒரு ஆளு நம்ம கொள்ளுத் தாத்தா. ஞாபகம் இருக்கட்டும்."

"அதனாலதான் கேக்குறேன்."

முதல் தாள் வரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணி சிரித்துக்கொண்டே பாத்திரத்தை எடுத்துப் போனாள். அண்ணன் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 14, வெள்ளி

புயல். பள்ளி விடுமுறை. மணிலா ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஃபெலிக்கு மூன்றாவது தடவை போன் செய்தேன். தேடுகிறேன் என்கிறாள்.

செப்டம்பர் 22, சனி

சந்தைக்கு எதிரே, ஊரே மரியாதையாக ஆலிங் என்று கூப்பிடும் கோன்சோர்சியாவின் லோமி நூடுல்ஸ் கடை. மக்திபாய் குடும்பத்தில் ஊரை விட்டுப் போகாமல் இருக்கிற ஒரே ஆள் என்பார்கள். அறுபது வயது இருக்கும். வீட்டில் பழைய கடிதம் ஏதாவது உண்டா என்று கேட்கப் போனேன். நூடுல்ஸ் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"கடுதாசியா? எங்க வீட்ட ரெண்டு தடவ கொளுத்தியாச்சு மேம். கடுதாசிக்கு எங்க போவேன்? வருஷா வருஷம் நீங்கல்லாம் முன்வரிசைல நாற்காலி போட்டு உக்காருவீங்க. நாங்க கதவச் சாத்திக்குவோம். உங்களுக்கு இது ஆராய்ச்சி. எங்களுக்கு ஒடையற ஜன்னல் கண்ணாடி."

"பலகைல பேர் வராமத் தடுக்கப் பாக்குறேன், ஆலிங்."

"தடுத்துட்டு வந்து சொல்லுங்க. இப்ப சாப்புடறதா இருந்தா உக்காருங்க, இல்லன்னா எடத்த விடுங்க. பின்னாடி ஆள் நிக்குது."

உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் மேல் கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். எல்லாம் என் மேல்தான் வந்தது.

அக்டோபர் 8, திங்கள்

வந்துவிட்டது. முதல் தாள்.

மூன்று தடவை படித்தேன். ஸ்பானிய அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக. பன்னிரண்டு பேரும் கிளர்ச்சிக்காரர்களின் உறுதிமொழித் தாளில் அவரவர் பெயரை அவரவரே எழுதியிருக்கிறார்கள். அதிகாரிக்கு அதுதான் சந்தேகம். தாளின் கடைசி வரி அவருடைய கேள்வி: 'ஏர் ஓட்டுகிற நீங்கள் கையெழுத்துப் போட எங்கே கற்றீர்கள்?'

அடுத்த தாளில் பதில். யூலாலியா டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தார்.

அவ்வளவுதான். அவ்வளவேதான்! கிளாஸ் எடுத்தாங்கன்னு சொல்லியிருக்கார். இதுக்கா இத்தனை வருஷம் கல்லு?

ஃபெலி இன்னொரு தாளும் அனுப்பியிருக்கிறாள், யூலாலியாவைக் கைது செய்யும் உத்தரவு. வாக்குமூலம் காலை பத்து மணி. உத்தரவு பதினொரு மணி. பிறகு கப்பலேற்றி நாடு கடத்தியிருக்கிறார்கள். ஊர்க்கதையில் அவள் ஸ்பானியர்களோடு உல்லாசமாக மணிலாவுக்கு ஓடிப்போனாள்.

அவள் யாரையும் காட்டிக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. அவளைக் காட்டிக் கொடுத்ததற்கு இருக்கிறது. செய்தவர் படம் எங்கள் வரவேற்பறையில் மாலையோடு தொங்குகிறது.

அக்டோபர் 9, செவ்வாய்

தலைவலி. வரவேற்பறைப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் 19, வெள்ளி

குழுக் கூட்டம். மூன்று தாளையும் மேசையில் பரப்பினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.

"அப்ப காட்டிக் குடுத்தது யாரு? கசிமிரோவா? அதையும் சொல்லிடு."

"தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது குயா. ராணுவத்துக்கு யார் தகவல் சொன்னாங்கன்னு எந்தத் தாள்லயும் இல்ல. இல்லாதத நான் சொல்ல மாட்டேன், அது நம்ம தாத்தாவா இருந்தாலும்."

"தெரியாதுன்னு பித்தளைல போட முடியுமா?"

முடியும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முடிவு: யூலாலியா பெயரையே எடுத்துவிடுவது. காட்டிக் கொடுத்தவள் என்றும் இல்லை, எழுத்து கற்பித்தவள் என்றும் இல்லை. பொம்மை மட்டும் அப்படியே, ஏனென்றால் அது மரபாம். இதற்குப் பெயர் சமரசம். நூறு வருடம் சேற்றை வாரி அடித்துவிட்டு, இனிமேல் பெயரைச் சொல்லி அடிக்க மாட்டோம் என்கிறார்கள்!

நவம்பர் 1, வியாழன்

கல்லறைத் திருநாள். குடும்பமே கசிமிரோவின் சமாதியைச் சுற்றி. மெழுகுவத்தி, இனிப்பு, சீட்டுக்கட்டு. பிள்ளைகள் கொஞ்சம் தள்ளிப் போனதும் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்.

"போட்டோல அவரு கட்டைவிரலப் பாத்திருக்கியா? ரெண்டையும் ஒடச்சிருக்கான்."

"பாத்திருக்கேன். அதுக்கு அழுதுட்டேன். அடி தாங்காமப் பேரச் சொன்னது தப்பே இல்ல. நானா இருந்தா நூறு பேரச் சொல்லியிருப்பேன். அப்புறம் நாப்பது வருஷம் உசுரோட இருந்தாரே. அவருக்குத் தெரியாதா, என்ன கேள்விக்கு என்ன பதில் சொன்னோம்னு? வருஷா வருஷம் அந்தப் பொம்மை எரியுறத நாற்காலில உக்காந்து பாத்தாரே குயா. அப்ப யாரு அவர் விரல ஒடச்சா?"

அண்ணன் அணைந்துபோன மெழுகுவத்தியை மறுபடி ஏற்றினார். பிறகு, "நீ எங்க வீட்டுப் பொண்ணுதானா?" என்றார்.

கசிமிரோ பொய் கூடச் சொல்லவில்லை. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். ஊர் அதை ஒரு பக்கமாகப் புரிந்துகொண்டது, அவர் சும்மா இருந்தார்.

நவம்பர் 10, சனி

பலகை திறந்தார்கள். பளபளவென்று இருக்கிறது. பதினோரு பெயர், கீழே உயிரோடு திரும்பியவர் என்று கசிமிரோவின் பெயர். அவள் பெயர் இல்லை.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என் பொறுப்பு. மைக்கைக் கொடுத்தார்கள். மூங்கில் விரலை நீட்டியபடி பொம்மை நின்றது. என் வகுப்பிலிருந்து இந்த முறை வைக்கோல் போகவில்லை, ஆனாலும் பொம்மை குண்டாகத்தான் இருந்தது.

கேள்வியைப் படித்தேன். பிறகு பதிலை. பிறகு கைது உத்தரவை, நேரத்தோடு. பிறகு சொன்னேன்: "பதில் சொன்னவர் என் கொள்ளுத் தாத்தா. அன்னைலருந்து எங்க வீடு வாயைத் தொறக்கல. இப்ப நான் தொறக்குறேன்."

யாரோ ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அண்ணன் எழுந்து காருக்குப் போனார். ஒரு சின்னப் பெண், கையில் கல்லோடு, "மேம், எறியணுமா வேணாமா?" என்று கேட்டாள். எறியாதே என்று உத்தரவு போட எனக்கு வாய் வரவில்லை. எறி என்று உத்தரவு போட்ட வாய்தானே இது. "மூணு தாளையும் கேட்டல்ல, நீயே சொல்லு" என்றேன். கல்லைக் கீழே போட்டாள். பாதிக்கு மேல் எறிந்தார்கள். பொம்மையும் எரிந்தது.

நவம்பர் 11, ஞாயிறு

அண்ணன் வீட்டிலிருந்து போன் இல்லை. என்னைக் குழுவிலிருந்து நீக்கிய கடிதம் மட்டும் ஆள் மூலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் அலுவலகம் திறந்து தட்டச்சு செய்திருக்கிறார்கள், சுறுசுறுப்புதான்.

நவம்பர் 21, புதன்

பருவத் தேர்வுத் தாள் திருத்தினேன். முப்பத்தெட்டு தாள். இருபதாவது ஜெரலினுடையது. மூன்று வருடமாக என் வகுப்பில் இருக்கிற, வாயே திறக்காத பெண். எங்கள் ஊர் வழக்கப்படி நடுவில் வருவது தாய் வீட்டுப் பெயர். எல்லோரும் அதை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் 'ஜெரலின் எம். உமாலி'. அந்த எம் மெண்டோசா என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஒரு நாளும் கேட்டதில்லை. நான், மூலத்தைத் தேடுகிறவள்!

இன்று முழுதாக எழுதியிருக்கிறாள். ஜெரலின் மக்திபாய் உமாலி. பெயருக்கு விட்ட இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது.